தூசி ஃபோல்டரை அழித்த மகனுக்கு

'அன்புள்ள' என்று தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். மூன்றாவது தாளில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதுகிறேன். அன்பு இல்லை என்று அர்த்தமில்லை. அதை எழுதியவுடன் கை தளர்ந்துவிடுகிறது. சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு, 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று முடித்துவிடுகிறேன். இந்த முறை அப்படி முடிக்கப் போவதில்லை. "கோவத்துல எழுதாத, ரெண்டு நாளு போவட்டும்" என்றார் உன் அப்பா. "ரெண்டு நாளு போனா எனக்கே பாவமாப் போயிடும், அப்புறம் எழுதவே மாட்டேன்" என்றேன். அவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய். பின்னால் உன் ஆபீஸ் சத்தம் கேட்கும். வேலை நேரத்தில் தொந்தரவு செய்கிறோமோ என்று நானே பேச்சைச் சுருக்கிவிடுவேன். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். புரியாத பிள்ளைக்கு நாலு தடவை சொல்ல என்னால் முடியும். புரிந்துகொண்டே புரியாதது மாதிரி இருப்பவனிடம்தான் எனக்குப் பொறுமை இல்லை.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் இதை நீ முழுதாகக் கேட்டாக வேண்டும். நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ செய்தது எதுவென்று உனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நீயும் நிவேதாவும் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்துக்கொண்ட படங்களில் கொஞ்சத்தைப் போட்டோகிராபர் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை இங்கே வந்தபோது அதை நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்கப் பார்த்தாய். இடம் போதவில்லை. எதை எடுக்கலாம் என்று தேடியிருக்கிறாய். 'தூசி' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதை அழித்தாய். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தியிருக்கிறாய். அதனால் அது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகவில்லை. பக்கத்து அறையில்தான் நான் உனக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, இது வேணுமா?" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். மூன்றே சொல். நீ கொடுக்கவில்லை.

அந்தப் பெயரை வைத்தது நான்தான். அதை மறுக்கவில்லை. உனக்குத் தூசி என்றால் துடைத்துப் போடுவது. நம் தெருக்கோடியில் இருக்கிற செல்விக்கு அது வேறு. பீங்கான் கம்பெனியில் கல்லு அரைக்கிற கொட்டகையில் பன்னிரண்டு வருஷம் நின்றவள் அவள். வெள்ளைக் கல்லை மாவாக அரைத்துச் சலித்து மண்ணோடு கலக்கக் கொடுப்பது அவர்கள் வேலை. அந்த மாவைத்தான் அங்கே வேலை செய்கிறவர்கள் தூசி என்பார்கள். "இன்னிக்குத் தூசிக்குப் போறியா, சூளைக்குப் போறியா?" என்றுதான் காலையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். தூசிக்குப் போவது பெண்கள். சூளைக்குப் போவது ஆண்கள். செல்வி சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண் இமை வெள்ளையாக இருக்கும். நீ எட்டாவது படிக்கும்போது "அக்கா பவுடர் போட்டுக்கிட்டு வராங்க" என்று கிண்டல் செய்திருக்கிறாய். அவளும் சிரிப்பாள். எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்த ஒரு மாதம், அவள் வைத்த குழம்பைத்தான் நீயும் அப்பாவும் சாப்பிட்டீர்கள். அதையெல்லாம் நினைவுபடுத்தி உன்னைக் கலங்கவைக்க வேண்டும் என்று எழுதவில்லை. யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. குழாயடியிலிருந்து அவள் வீட்டுக்கு முப்பது அடி இருக்குமா? நடுவில் ஒரு தடவை குடத்தை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் போகிறாள். நுரையீரலில் கல்தூசி படிந்திருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இது வேலையால் வந்த நோய் என்று அதிகாரிகள் எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான் அவளுக்கு நஷ்டஈடு கிடைக்கும். அதற்கு அவள் அங்கே வேலை செய்தாள் என்பதற்குச் சான்று வேண்டும். கம்பெனிக்காரர் கடிதம் கொடுத்துவிட்டார்: இப்படி ஒரு பெண் எங்களிடம் வேலை செய்ததே இல்லை. ஒரே வரி. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரே வரி.

சான்று ஒன்று இருந்தது. அங்கே இருந்த மேஸ்திரி ஆட்களுக்குத் தன் கையாலேயே வருகைப் பதிவு எழுதி வைத்திருந்தார். மாதத்துக்கு ஒரு பக்கம். இடது ஓரத்தில் பெயர்கள், குறுக்கே தேதிகள், வந்த நாளுக்கு ஒரு கோடு. அவர் கையில் மிஞ்சியிருந்தது மூன்று நோட்டு. நான் நாலு தடவை அவர் வீட்டுக்கு நடந்து, அவருடைய மகளுக்கு நான் பாடம் நடத்தியதைச் சொல்லி, கெஞ்சி வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொடுத்தார். அன்று முழுக்க நம் வீட்டு ஸ்கேனரில் நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தேன். மறுநாள் காலை நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரமே யாரோ அவரை மிரட்டியிருக்க வேண்டும். நோட்டுகளை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டார். இப்போது என்னைப் பார்த்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். ஆக, உலகத்தில் அந்த நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் இருந்த ஒரே இடம் நம் வீட்டுக் கம்ப்யூட்டர். அதில் தூசி என்ற ஃபோல்டர்.

இன்னொரு பிரதி ஏன் எடுத்துவைக்கவில்லை என்று நீ கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். செய்முறை நோட்டைத் தொலைத்த பிள்ளைகளை வெளியே நிற்கவைத்தவள் நான். 'வீட்டுக்குள்தானே இருக்கிறது' என்று அசட்டையாக இருந்துவிட்டேன். அது என் தப்பு. அதை நான் செல்வியிடம் சொல்லியும் விட்டேன்.

உன் தப்புக்கு வருகிறேன். அழித்ததை நான் பெரிய தப்பாகச் சொல்லவில்லை. அது கவனக்குறைவு. எவனுக்கும் வரும். நீ அன்றிரவே ஊருக்குப் போய்விட்டாய். மறுநாள், அதிகாரிகள் செல்விக்கு வைத்திருக்கிற விசாரணைக்குப் பக்கங்களை அச்செடுக்க உட்கார்ந்தேன். ஃபோல்டர் இல்லை. உனக்குப் போன் செய்தேன். என்ன பேசினோம் என்று அப்படியே எழுதுகிறேன், படித்துப் பார்.

"தம்பி, தூசின்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சே, பாத்தியா?"

"நான் எதையும் தொடலம்மா."

"நல்லா யோசிச்சிப் பாருடா. முக்கியமானது."

"நீதான் எங்கயாவது நவுத்தியிருப்ப. தேடிப் பாரு, இருக்கும்."

நான் நம்பினேன். என் மகன் சொன்னால் நம்பாமல் யார் சொன்னால் நம்புவேன்? என் மேல்தான் சந்தேகப்பட்டேன். வயதாகிறது, எங்கேயோ இழுத்துப் போட்டுவிட்டோம் என்று நாலு நாள் அந்தக் கம்ப்யூட்டரைக் குடைந்தேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன், மூடினேன். செல்விக்காக ஒரு மனு தட்டச்சு செய்து சேமித்தேன். நீ அனுப்பிய வீடியோவையும் மிச்சப் படங்களையும் இறக்கிவைத்தேன். உன் அப்பா இரண்டு நாள் தன் பக்திப் பிரசங்கங்களை வேறு இறக்கிக்கொண்டார். நாலு நாளும் நாங்கள் இரண்டு பேரும் எதன் மேல் எழுதிக்கொண்டிருந்தோம் என்று எங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் படித்து, அதிலேயே எட்டு வருஷம் வேலை செய்கிறவனுக்கு இது தெரியாதா?

ஐந்தாம் நாள் நான் அழுதுகொண்டே பேசிய பிறகு சொன்னாய். "அம்மா, நான்தான் டெலிட் பண்ணேன். தூசின்னு பேரு வச்சா யாரும்மா அத வேணும்னு நெனப்பாங்க? நீ கழிச்சத ஒதுக்கி வச்சிருக்கன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு, நான் மூச்சு விடுவதற்குள், "கவலப்படாத, ஒரு சாஃப்ட்வேர் லிங்க் அனுப்புறேன், இன்ஸ்டால் பண்ணு, எல்லாம் வந்துடும்" என்றாய். லிங்க் வந்தது. நீ சொன்ன இடத்திலெல்லாம் 'சரி' 'சரி' என்று அழுத்தினேன். அதுவும் அதே டிஸ்கில்தான் போய் உட்கார்ந்தது. ஒன்றும் வரவில்லை. "அப்ப போயிருக்கும்மா, விடு" என்றாய்.

விடு. அந்தச் சொல்லை நான் இன்னும் விடவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியை ஆட்டோவில் தூக்கிவைத்துக்கொண்டு ஜங்ஷன் ரோட்டில் இருக்கிற அமுதா கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அமுதா என்னிடம் ஒன்பதாவது படித்தவள். இப்போது அவளுக்கே காலேஜ் போகிற மகள் இருக்கிறாள். பெட்டியைத் திறந்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில் நம் டிஸ்கை மாட்டிப் பார்த்தாள். முகம் மாறியது.

"யாரு டீச்சர் இதுலயே ரெக்கவரி சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்ணது?"

"என் பையன் பண்ணச் சொன்னான்."

"சாஃப்ட்வேர்லதான வேல பாக்குறாரு?"

"ஆமா."

"அப்பச் சரி" என்றாள். அதைவிட ஒரு வார்த்தை அதிகம் சொல்லியிருந்தாலும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அழித்த பிறகு எப்படி அது திரும்ப வரும் என்று அவளிடம் கேட்டேன். இதுவரை எனக்கு அது மந்திரம் மாதிரிதான் இருந்தது. அமுதா சிரித்தாள். "டீச்சர், நான் ரெண்டு மாசம் ஸ்கூலுக்கு வரல, நீங்க ரெஜிஸ்டர்ல என் பேர அடிச்சிட்டீங்க. ஞாபகம் இருக்குதா? அது தெரியாம நான் மூணு நாளு வந்து அதே பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். நீங்க பேரு கூப்புடுவீங்க, என் பேரு வராது. ஆனா ஆளு இருந்தேனா இல்லியா?" எனக்கு நினைவிருந்தது. அவள் அந்த இரண்டு மாதமும் பொம்மைக்கு வண்ணம் அடிக்கப் போயிருந்தாள். விசாரிக்காமல் அடித்தவள் நான். "டெலிட்டும் அப்படித்தான். பேர மட்டும்தான் அடிக்குது. ஆளு பெஞ்சுலயேதான் இருப்பாங்க. ஆனா எடம் காலின்னு எழுதியிருக்குமா, அடுத்து புதுசா வர்றவங்கள அங்க ஒக்கார வப்பாங்க. ஒக்காந்தாச்சின்னா பழைய ஆளு இல்ல. அதுக்குள்ள புடிக்கணும். அதுனாலதான் அழிஞ்சதும் கம்ப்யூட்டர அணைச்சிட்டு ஓடியாங்கன்னு சொல்றது. எத்தினி நாளு ஓட்டுனீங்க?"

"ஆறு நாளு."

அவள் டிஸ்கைக் கழற்றித் தனியே எடுத்துவைத்தாள்.

என் பாடத்தை என்னைவிட நன்றாக நடத்திவிட்டாள். அந்த ஆறு நாளில் நாலு நாள் உன்னுடையது. ஒரு பொய்யால் நீ அழித்தது, நீ ஃபோல்டரை அழித்ததைவிட அதிகம். பொத்தானை அழுத்திய அன்றே சொல்லியிருந்தால், மறுநாள் போனிலாவது சொல்லியிருந்தால், நூற்றுப் பன்னிரண்டில் நூற்றுப் பத்து வந்திருக்கும் என்று அமுதா சொல்கிறாள். நீ உன்னைக் காப்பாற்றிக்கொள்ள எடுத்துக்கொண்ட நாலு நாளில் நானும் உன் அப்பாவும், விவரம் தெரியாத இரண்டு கிழடுகள், எங்கள் கையாலேயே செல்வியின் பெஞ்சில் வேறு ஆட்களை உட்காரவைத்தோம். என்னை ஏமாற்றினாய் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னை உன் தப்புக்குக் கூட்டாளி ஆக்கினாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

டிஸ்கை அப்படியே இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து, நகலை மட்டும் துழாவ அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் போனேன். பெயரெல்லாம் போய்விட்டது, நான் வருஷம் மாதம் போட்டுப் பெயர் வைத்திருந்ததற்குப் பதில் வெறும் எண்கள். ஆயிரத்துக்கு மேல். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், நான் என்றோ அழித்த கேள்வித்தாள்கள், மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம் எல்லாம் கலந்து வந்திருந்தன. அமுதாவும் நானும் ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதல் பக்கம் கிடைத்தபோது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மேஸ்திரியின் கையெழுத்து, மாதத்தின் பெயர், வரிசையாகப் பெயர்கள். பாதிவரை தெளிவாக இருந்தது. பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். ஒன்றுமே இல்லை. அடுத்ததும் அப்படி. அதற்கடுத்ததில் சாம்பலோடு பச்சையும் ஊதாவும் கோடு கோடாகக் கிழிந்து கிடந்தது.

"தலப்பகுதி தப்பிச்சிருக்குது டீச்சர். கீழ்ப் பகுதி மேல ஒங்க பையன் கல்யாண வீடியோ ஒக்காந்துக்கிச்சி."

முழுதாக வந்தவை இருபத்து மூன்று. பாதியாக வந்தவை அறுபத்தொன்று. மிச்சம் இதுவரை கிடைக்கவில்லை. பாதியாவது கிடைத்ததே என்று உனக்குத் தோன்றும். எனக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் செல்வியின் பெயரைத் தேடினேன். மேஸ்திரிக்கு ஒரு வழக்கம். சூளைக்குப் போகிற ஆண்களை முதலில் எழுதுவார். ஒரு கோடு போடுவார். கோட்டுக்குக் கீழே தூசிக்குப் போகிற பெண்கள். மூன்று நோட்டிலும் அதே முறை. அறுபத்தொரு பக்கத்திலும் ஆண்கள் இருக்கிறார்கள். கோடு இருக்கிறது. சில பக்கத்தில் கோட்டுக்குக் கீழே பெண் பெயர் ஒன்றின் முதல் எழுத்து மட்டும் இருக்கிறது. அதோடு சாம்பல். முழுதாக வந்த இருபத்து மூன்றில் பத்தொன்பது, செல்வி வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய மாதங்கள். அவள் பெயர் இருப்பது நாலே நாலு பக்கத்தில். நாலு மாத வேலையில் ஒரு மனுஷியின் நுரையீரல் கல்லாகிவிடாது என்று எந்த அதிகாரியும் சொல்வார்.

கடையில் அந்த நாலு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உன் மேல் வந்த கோபம், நீ பிறந்ததிலிருந்து எனக்கு வந்ததில்லை. அதை மறைக்கப் போவதில்லை. அதே நேரம், நீ ஏன் இப்படி ஆனாய் என்றும் யோசித்தேன். அதற்கு எனக்குப் பதில் தெரியும். நீ ஏழாவது படித்தபோது பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு வெப்பமானியை உடைத்துவிட்டாய். யாரும் பார்க்கவில்லை. நீயாகவே ஆசிரியர் அறைக்கு வந்து, "டீச்சர், நான்தான் ஒடச்சேன்" என்றாய். பள்ளிக்கூடத்தில் என்னை நீ டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது என் சட்டம். நான் என்ன செய்தேன்? சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று பேச்சு வந்துவிடக்கூடாது என்று, உன்னை வகுப்புக்கு இழுத்துக்கொண்டுபோய் நாற்பது பிள்ளைகள் முன்னால் கன்னத்தில் அறைந்தேன். உண்மையைச் சொன்ன பிள்ளையை அடித்தேன். அன்றைக்குப் பிறகு நீ எதையும் என்னிடம் முதல் தடவையில் ஒப்புக்கொண்டதில்லை. காலேஜில் பைக்கிலிருந்து விழுந்து தோள் இறங்கியதை மூன்று வாரம் கழித்து உன் நண்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த அறையை என்னால் திரும்ப எடுக்க முடியாது. அது தப்பு. உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பயந்ததற்கு நான் பொறுப்பு. முப்பது வயது ஆள் பயப்படுவதற்கு நான் பொறுப்பில்லை. அந்த வெள்ளிக்கிழமை உன்னை அறைய யாரும் கை ஓங்கவில்லை. நிவேதாவோடு நீ ஒரு வீட்டில் இருக்கப்போகிறாய். அங்கேயும் தப்புகள் செய்வாய். பால் பொங்கியதிலிருந்து பெரிய விஷயம்வரை. தப்பு செய்த நேரத்துக்கும் அதைச் சொல்கிற நேரத்துக்கும் நடுவில் எத்தனை நாள் விடுகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உனக்கு அது சும்மா கழிகிற நாள். அவள் அந்த நாளிலும் சமைப்பாள், முடிவெடுப்பாள், உன்னை நம்பி யாரிடமாவது ஏதாவது சொல்லிவைப்பாள். விஷயம் தெரியாமல் அவள் செய்கிற ஒவ்வொன்றும் அதன் மேல் போய் உட்காரும். பிறகு நீ சொன்னாலும் மீட்க ஒன்றும் இருக்காது. அந்தப் பெண்ணுக்கு நான் கடன்பட்ட மாமியாராக இருக்க விரும்பவில்லை. அதனால்தான் கல்யாணத்துக்கு முன்னால் இதை எழுதுகிறேன்.

நேற்று செல்வி வீட்டுக்குப் போனேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது. நான் சொல்லி முடித்து, "மன்னிச்சுடு செல்வி" என்றபோது என்னையே பார்த்தாள். நாலு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி, காற்றை இழுத்துக்கொண்டுதான் அவளால் பேச முடிகிறது.

"டீச்சர், நீங்க எதுக்கு வந்து நிக்கிறீங்க? நீங்களா அழிச்சீங்க?"

"என் பையன் தெரியாம..."

"ஒங்க பையனுக்கு வயசு என்னா?"

"முப்பது."

"வாயி இருக்குதில்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிள்ளைகளைத் தலை குனியவைத்தே பழகியவள் நான்.

"மன்னிப்பு வேணாம்னு பெரிய மனசு பண்ணிச் சொல்ல மாட்டேன் டீச்சர். வேணும். ஆனா ஒங்க கிட்டேருந்து வேணாம்" என்றாள்.

அமுதா அச்செடுத்துக் கொடுத்த பக்கங்களை நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே இருந்த சாம்பலை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "மேஸ்திரி என்னிக்கும் ஆம்பளைங்களத்தான மேல எழுதுவாரு. அதான் அவங்க பொழச்சிக்கிட்டாங்க" என்றாள். "எழுதும்போதே மேல எழுதுனா தப்பிச்சுக்கலாம்னு தெரிஞ்சிருந்தா, நான் என் பேர செல்வராசுன்னு குடுத்திருப்பேன்." சொல்லிவிட்டு மறுபடியும் தாளைப் பார்த்தாள். இந்தத் தடவை மேல் பாதியை.

"இது யாரு? கருவேப்பிலங்குறிச்சி மணி, த/பெ கோவிந்தன். அட, இது நெட்டையன். நாங்க நெட்டையன்னுதான் கூப்புடுவோம். அவன் பேரு மணின்னு இப்பத்தான் தெரியுது." விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. மேஸ்திரியிடம் மூன்று மணி, நாலு குமார் இருந்ததால் எல்லோருக்கும் ஊர் பெயரும் அப்பா பெயரும் சேர்த்து எழுதியிருக்கிறார். "கம்மாபுரம் குமாரு. இவரு நாங்க அரைச்ச மாவத் தலையில தூக்கிக்கிட்டுப் போவாரு. தெனம் என் கையாலதான் சாக்கு தூக்கி விடுவேன். திட்டக்குடி ஏழுமலை." ஒவ்வொரு பெயருக்கும் அவளிடம் ஒரு முகம் இருந்தது. அவளுக்கு முகம் தெரியும், பட்டப்பெயர் தெரியும். தாளில் ஊர் இருந்தது, அப்பா பெயர் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள்.

தாளை மடியில் வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "போயி இவங்களக் கேளுங்க டீச்சர். மேல இருக்கறவங்களுக்குத் தெரியாதா, கீழ யாரு இருந்தாங்கன்னு?"

இத்தனை நாள் கம்ப்யூட்டருக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவில்லை. தொழிலாளர்களுக்காக வாதாடுகிற வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். கூட வேலை செய்தவர்கள் தாங்கள் நேரில் பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவர்கள் பெயர் இந்தப் பக்கங்களிலும் இருந்தால், நாலு மாதப் பக்கத்தோடு சேர்த்து வைக்கலாம், அதற்கு மதிப்பு உண்டு என்றார். ஐந்து பேராவது வேண்டும். உறுதி என்று அவர் சொல்லவில்லை. நானும் உனக்குச் சொல்லவில்லை.

பதினாறு பெயர் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள் என்று செல்வி சொன்னாள். அதுவும் இருமி இருமித்தான். கம்மாபுரம் பக்கத்தில் இரண்டு பேருடைய நிலம் சுரங்கத்துக்குப் போய்விட்டது, எங்கே குடி மாறினார்கள் என்று விசாரிக்க வேண்டும். சிலர் பயப்படுவார்கள். சிலர் உன்னைக் கம்பெனி ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள். மறுபடியும் போக வேண்டும். என் முழங்காலுக்கு அது ஆகாது. உன் அப்பாவுக்கும் ஆகாது. விசாரணைக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. கல்யாணம் அதற்குப் பிறகுதான். கல்யாணத்துக்கென்று வைத்திருக்கிற லீவை இப்போது எடு. தாலி கட்டுகிற அன்று நீ மண்டபத்தில் இருந்தால் போதும். மற்றதை நானும் நிவேதா வீட்டாரும் பார்த்துக்கொள்வோம். அவளுக்கு ஏன் என்று நீயே சொல். நான் சொல்ல மாட்டேன். அமுதா கடையில் திறக்காத ஃபைல் இன்னும் முந்நூறு இருக்கிறது. சாயங்காலம் ஊர்களிலிருந்து திரும்பியதும் அங்கே போய் உட்கார். அவள் உன்னை ஏதாவது சொல்வாள். கேட்டுக்கொள்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கு. முதலில் நம் வீட்டுக்கு வராதே. பையைக் கடையில் எங்காவது வைத்துவிட்டு நேராகச் செல்வி வீட்டுக்குப் போ. கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போகாதே; கையில் அது இருந்தால் நீ அதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய். பழமும் வாங்கிக்கொண்டு போகாதே. வெறுங்கையோடு போ. காற்றுக்காகக் கதவைத் திறந்தேதான் வைத்திருப்பாள்.

நான் கூட வர மாட்டேன்.

அம்மா